ஈறுக்கு லேசர் வைத்துக்கொண்ட கதை

கண்ணாடி முன்னால் நின்று மேலுதட்டைத் தூக்கிப் பார்த்து வருத்தப்படுகிற வேலையைப் பத்து வருஷம் ஒழுங்காகச் செய்தவள் நான். என் ஈறு கறுப்பு. (அப்பாவுக்கும் அதே கறுப்புதான். ஆனால் அவர் தான் வேலை பார்க்கிற மட்டாஞ்சேரி மிளகு குடோனே அதிரச் சிரிப்பார்.)

பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் சுள்ளிக்கல்லில் ஒரு பல் டாக்டரிடம் ஓடினேன். பிளேடால் சுரண்டி எடுக்கலாம் என்று அவர் ஆரம்பித்ததுமே எனக்குத் தலை சுற்றியது. லேசர் என்றால் ரத்தம் அதிகம் வராது, தையலும் கிடையாது, ஆனால் புண் ஆற ஒரு வாரமாவது ஆகும் என்றார். கறுப்பு திரும்பி வரலாம், இது நோயே இல்லை, உங்கள் நிறம், அப்படியே விட்டுவிடலாம் என்றும் சொல்லிப் பார்த்தார். என் காதில் லேசர் மட்டும்தான் விழுந்தது. டார்ச் அடிப்பது மாதிரி ஏதோ என்று நினைத்து வியாழக்கிழமை செய்துகொண்டேன். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்தார்கள்.

அதற்குள் ஈறு முழுக்க வெள்ளைப் படலம். உதட்டை அசைத்தால் எரிந்தது. வீட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை. வாயை இறுக மூடிக்கொண்டு, இழவு வீட்டுக்கு வந்தவள் போலச் சாயாவைக் கொண்டுவந்து வைத்தேன். தேவராவிலிருந்து மகனோடு வந்திருந்த அம்மா படிப்பு, வேலை, சமையல் என்று என்னென்னவோ கேட்டார். எல்லாவற்றுக்கும் தலையை மட்டும் ஆட்டினேன்.

பிறகு எங்கள் இருவரையும் மாடி வராந்தாவில் தனியாகப் பேச விட்டார்கள். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"இஷ்டமில்லேன்னா விட்டுடலாம். கேட்டா நான்தான் வேண்டாம்னு சொன்னதா சொல்லிக்கறேன். உங்களை யாரும் திட்ட மாட்டாங்க."

இப்படிப் பேசுகிற மனுஷனை ஈறுக்காகவா இழப்பது? எனக்கு அழுகையே வந்துவிட்டது. விளக்கம் சொல்ல வாய் ஒத்துழைக்கவில்லை. இரண்டு விரலால் உதட்டைத் தூக்கி அப்படியே காட்டிவிட்டேன். அவர் பதறிப்போய், போனில் டார்ச் போட்டு, குனிந்து உள்ளே பார்த்தார். சரியாக அந்த நேரத்தில் அவர் அம்மா படியேறி வந்தார்.

"எந்தாடா இது? பொண்ணு பாக்க வந்தியா, மாடு வாங்க வந்தியா?"

அவர் பாவம், டார்ச்சை அணைக்கக்கூடத் தோன்றாமல் நின்றார். கீழே இறக்கிக் கூட்டிப்போய் என் அப்பாவிடம் அவரை மன்னிப்புக் கேட்க வைத்தார் அவர் அம்மா. பின்னாலேயே இறங்கி வந்த எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வலியில் கண்ணீர் வழிய, வெள்ளைப் படலம் முழுதும் தெரிய, கூடத்தில் நின்று சிரித்தேன். பெண்ணுக்குச் சம்மதம் என்பது எல்லோருக்கும் அப்போதுதான் தெரிந்தது.

கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் கறுப்பு ஓரத்திலிருந்து மெல்லத் திரும்பி வந்துவிட்டது. நான் அந்த டாக்டர் பக்கம் மறுபடி போகவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் மாமியார் என்னை இன்னமும் இப்படித்தான் அறிமுகப்படுத்துகிறார்.

"எங்க மருமக. என் பையன் பல்லு பாத்து எடுத்தது."

நானும் வந்தவர்களுக்கு ஈறு தெரியச் சிரித்துக் காட்டுகிறேன்.