வீட்டை விட்டுப் போனது ஆர்?

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பல் தீட்டிக்கொண்டிருக்கும்போது, நாகேந்திரம் தன் மனைவி கௌரியை விவாகரத்துச் செய்வதென்று முடிவெடுத்தார்.

மெய்யாகப் பிரியும் எண்ணமில்லை. பிரிந்தால் இடியப்பம் அவிப்பது ஆர்? நீதிமன்றக் கடதாசி ஒன்றைக் கண்ணில் காட்டினால் கௌரி பயந்து வீட்டில் நடத்தும் கணக்கு வகுப்பை நிறுத்துவாள், தன் வீட்டு ஹோல் தனக்குத் திரும்பக் கிடைக்கும் என்பதுதான் திட்டம்.

ஓய்வு பெற்ற நாளிலிருந்து வெள்ளவத்தைத் தொடர்மாடி வீட்டில் அவருக்கு இருக்க இடமில்லை. மூன்று மணி அடித்தால் ஹோலில் இருபத்தெட்டுப் பிள்ளைகள். டிவியை மறைத்து வெண்பலகை. அவர் குசினி வாசலில் நின்று போனில் கிரிக்கெட் பார்ப்பார். சிக்ஸர் போனாலும் வாய்க்குள்தான் கத்த வேண்டும்.

நீதிமன்றங்கள் இருக்கும் அளுத்கடைக்கு பஸ் ஏறினார். லோயர் இஸ்ஸதீனின் கந்தோர் ஒரு மாடிப்படிக்கு மேலே இருந்தது.

"கலியாணப் பதிவு எழுதினது ஊரில, சங்கானையில. வழக்கை அங்க போட்டா வெள்ளவத்தைச் சனத்துக்குத் தெரியவராது என்ன?"

"எழுதின இடத்தில இல்ல சேர். நீங்களோ அவங்களோ குடியிருக்கிற இடத்து மாவட்ட நீதிமன்றத்திலதான் போடணும். சரி, காரணம் என்ன?"

"கணக்கு வகுப்பு."

இஸ்ஸதீன் பேனையை மூடினார். "சட்டத்தில காரணம் மூணுதான் சேர். ஒண்டு, வேற ஆளோட தொடர்பு."

"சீச்சீ! அவளுக்குத் தலை இழுக்கவே நேரமில்லை."

"ரெண்டு, கலியாணம் கட்டேக்குள்ளயே தாம்பத்தியத்துக்கு ஏலாத ஆளா இருக்கிறது."

நாகேந்திரம் கதவைத் திரும்பிப் பார்த்தார். "அதை விடுங்கோ."

"அப்ப மூணாவது. வேணுமெண்டே வீட்ட விட்டுப் போறது. ஆரு போறாங்களோ அவங்கமேல பிழை. மத்தவங்க வழக்குப் போடலாம். அவங்க போயிட்டாங்களா?"

"போறாளில்லையே!"

"அப்ப போனாப் பிறகு வாங்க."

இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் தொண்டையைச் செருமினார்.

"இஞ்சாரும், உம்மோட இருக்கேலாது எனக்கு. நீர் தங்கச்சி வீட்டை போம்."

கௌரி கொப்பி திருத்திக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "எத்தினை நாளைக்கு?"

"ஒரேயடியா!"

"சரி."

அழுகையை எதிர்பார்த்திருந்த நாகேந்திரத்துக்கு அந்தச் 'சரி' கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.

"ஆனா நீங்கள் பார்த்துக்கொண்டு நிக்க, என்னால சாமான் கட்டேலாது. நெஞ்சு அடைக்கும். கொட்டாஞ்சேனையில உங்கட அக்கா வீட்டை ஒரு நாலு நாள் போய் நில்லுங்கோ. பிறகு உங்களுக்குக் கரைச்சல் இல்லை."

"மெய்யாவோ?"

"ஓம். ஒரு துண்டு மட்டும் எழுதித் தாங்கோ. இல்லாட்டி வாட்ச்மன் சாமானைக் கீழ இறக்க விடமாட்டான்."

அவள் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். 'நான் இன்று என் சொந்த விருப்பத்தில் இந்த வீட்டை விட்டுப் போகிறேன். சாமான்கள் எல்லாம் கௌரியின் பொறுப்பு.' சந்தோஷத்தில் அடையாள அட்டை இலக்கத்தையும் போட்டுக் கையெழுத்து வைத்தார். உடுப்புப் பையைத் தூக்கிக்கொண்டு, வாட்ச்மனுக்குக் கை காட்டிவிட்டுப் போனார்.

அக்கா இரத்தினம்மா முதல் நாள் நண்டுக் கறி வைத்தாள். இரண்டாம் நாள் பருப்பு வைத்தாள். மூன்றாம் நாள் "எப்ப தம்பி போறாய்?" என்று கேட்டாள்.

நாலாம் நாள் பின்னேரம் நாகேந்திரம் வீட்டு மணியை அடித்தார். கதவைத் திறந்தது கௌரி. அவளுக்குப் பின்னால், ஹோலில் மட்டுமல்ல, அவருடைய அறையிலும் பிள்ளைகள் இருந்து படிக்கப் புது வாங்குகள்.

"நீர் போகேல்லையோ?"

"நான் ஏன் போறன்? போனது நீங்கள். உங்கட கையெழுத்திலயே இருக்கு. பொலிசில ஒரு என்ட்ரியும் போட்டாச்சு."

"ஆர் உமக்கு இதெல்லாம் சொல்லித் தந்தது?"

"என்னட்டைப் படிக்கிற ஒரு பிள்ளையின்ட அம்மா, றிப்னா. அவ லோயர். போன கிழமை நீங்கள் அளுத்கடையில லோயர் கந்தோர்ப் படியேறினதைக் கண்டிட்டு, என்ன கரைச்சலெண்டு விசாரிக்க வந்தவ."

நாகேந்திரம் படிக்கட்டுக்கு இறங்கி இஸ்ஸதீனுக்குப் போன் எடுத்தார்.

"எழுதியா குடுத்தீங்க? கையொப்பமும் வச்சா?" என்று கேட்டார் இஸ்ஸதீன். "இனி வழக்கு அவங்களுக்குத்தான் சேர் இருக்கு. கேட்டுப் பாருங்க, போடப் போறாங்களாண்டு."

மேலே வந்து கேட்டார். குரல் நன்றாக இறங்கியிருந்தது.

"வழக்குப் போட எனக்கு எங்க நேரம்?" என்றாள் கௌரி. "திரும்பி வந்ததையும் எழுதித் தந்திட்டு உள்ள வாங்கோ. எந்த அறையில வகுப்பு நடந்தாலும் எனக்குச் சம்மதமெண்டும் எழுதுங்கோ."

ஐந்து மணி வகுப்புப் பிள்ளைகள் வரத் தொடங்கியிருந்தார்கள். நாகேந்திரம் வாங்கில் குந்தி எழுதி நீட்டினார். கௌரி வாசித்தாள்.

"திகதி போடேல்லை. திருப்பி எழுதுங்கோ. அந்தப் பிள்ளைக்கும் இடம் விட்டுத் தள்ளி இருங்கோ."