நித்திரையில் நடக்காத பெடியன்

"நீர்தானே அவனை நித்திரையில நடக்கச் சொன்னனீர்!"

"நான் நடக்கச் சொல்லேல்லை! நடக்கிறனெண்டு சொல்லச் சொன்னனான். ரெண்டும் ஒண்டே?"

"ஆமிக்காரனுக்கு அது விளங்குமே?"

"விளங்கினபடியாத்தானே வேண்டாமெண்டு விட்டவன்!"

ஐரோப்பிய ஊரான ஓஸ்டர்முண்டிகனில் அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் மூன்றாம் மாடியில் சண்டை கிளம்பினால், கீழே நிலத்துக்கடியில் உடுப்புத் தோய்க்கும் அறைவரை குழாய் வழியாக இறங்கி வரும். வீட்டுக்கு ஒரு நாள் என்று வரும் தோய்க்கும் முறை அன்று யாருடையதோ, மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார்களாம். குற்றம் சொல்ல முடியாது. மெஷின் சத்தத்தில் பாதி வசனம் விட்டுப்போகும்.

சண்டை பிடித்தவர்கள் பரமேஸ்வரியும் புருஷன் மகேஸ்வரனும். மகன் பிருந்தாபன் நடுவில் இருந்து சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். இந்த நாட்டிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. யார் பக்கமும் சாயவில்லை. இடைக்கிடை கறிச்சட்டியை மட்டும் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

சண்டைக்குக் காரணம், சற்று முன் வந்த ஒரு தொலைபேசி அழைப்பு. அட்லிஸ்விலில் இருந்து சிவதர்சினி எடுத்திருந்தாள். பரமேஸ்வரியின் மூத்தவள் யதுஷாவைத் தன் மகன் லக்ஷனுக்குக் கேட்டிருப்பவள். பெடியனுக்கு ரயில் சிக்னலுக்கு மென்பொருள் எழுதுகிற வேலை. யதுஷா ஆஸ்பத்திரியில் நர்ஸ். இரண்டும் கோயில் திருவிழாவில் ஒரு தரம் கதைத்து, ஒன்றை ஒன்று பிடித்தும் போய்விட்டது. மிச்சம் தாய்மார் இருவரும் ஓம் என்பதுதான்.

அந்த நேரம் பார்த்து சிவதர்சினி கேட்டாள்: "அக்கா, உங்கட பெடியனை ஆமிக்கு எடுக்கேல்லையாமே? உண்மையே?"

"அடுப்பில கறி அடிப்பிடிக்குது" என்று சொல்லிப் பரமேஸ்வரி போனை வைத்துவிட்டாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.

"தம்பிக்கு வருத்தமெண்டால் தமக்கைக்கும் இருக்குமெண்டுதானே நினைப்பினம்?" என்று புருஷனிடம் அழுகுரலில் சொன்னாள். "கலியாணம் முடிஞ்ச அண்டிரவு பொம்பிளை எழும்பி நடப்பாளோ எண்டு யோசிக்க மாட்டினமே?"

வினை முந்தின இலையுதிர்காலத்தில் தொடங்கியது. இந்த நாட்டில் குடியுரிமை உள்ள ஆண்பிள்ளை எல்லோரையும் போல பிருந்தாபனையும் படைக்கு ஆள் எடுக்கும் இடத்துக்கு வரச்சொல்லி அழைப்பு வந்திருந்தது. பரமேஸ்வரி யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவள். ஆமி என்ற சொல் கேட்டால் பெடியனை வேலிக்கு மேலால் தூக்கி அடுத்த வளவுக்குள் போடவேண்டும்; அவளுக்குத் தெரிந்த ஒழுங்கு அதுதான். இந்த ஆமியோ போய்வர ரயில் பயணத்தையும் இலவசமாக்கி, 'மதிப்புக்குரிய' என்று தொடங்கிக் கடிதம் எழுதியிருந்தது. அது அவளை இன்னும் பயப்படுத்தியது.

"ஒருத்தரோடயும் சண்டை பிடியாத நாட்டுக்கு என்னத்துக்கப்பா ஆமி?"

"சண்டை பிடியாமல் இருக்கிறதுக்குத்தான்" என்றார் மகேஸ்வரன். ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை செய்தாலும் நாட்டு நடப்பில் ஆள் கெட்டிக்காரர். மாட்டுக்குக் கொம்பு வேண்டுமா என்று நாடு முழுக்க வைத்த வாக்கெடுப்புக்குக்கூட இரண்டு கிழமை யோசித்து வாக்குப் போட்டவர். "பெடியள் எல்லாம் ஆமியை விட்டிட்டுச் சிவில் சேவைக்குப் பாயிறாங்கள். படைக்கு ஆள் காணாதெண்டு ஒவ்வொரு நாளும் டிவியில அழுகினம். இவன் போகட்டுமன்."

பிருந்தாபனும் போகிறேன் என்றுதான் சொன்னான். தாய் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாள். பிறகு அட்லிஸ்வில் முருகன் கோயிலுக்குப் போனாள். அங்கே மாலை கட்டுகிற இராசம்மாதான் வழி சொன்னாள். இராசம்மா மாலையும் கட்டுவாள், சம்பந்தமும் பேசுவாள். யதுஷாவின் சம்பந்தமும் பிறகு அவள் கொண்டுவந்ததுதான்.

"நாரி நோகுது, முழங்கால் நோகுதெண்டால் ஸ்கேன் எடுத்துப் பாத்துப் பிடிச்சிடுவாங்கள். நித்திரையில எழும்பி நடப்பனெண்டு சொல்லச் சொல்லு. துவக்கோட ஒருத்தன் நித்திரையில நடந்தால் பக்கத்துக் கட்டிலில கிடக்கிறவனுக்கு நித்திரை வருமே?"

அப்படியே நடந்தது. பிருந்தாபன் தகுதியில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டான். பரமேஸ்வரி முருகனுக்குப் பால் அபிஷேகம் செய்தாள். ஊர் முழுக்க இரகசியமாகச் சொல்லி வைத்தாள்.

இப்போது அந்த இரகசியம் சிவதர்சினி வீட்டுக்கே போய்விட்டது. யார் சொல்லியிருப்பார்கள்? பரமேஸ்வரி கட்டடத்தில் இருந்த ஒவ்வொருவரையும் சந்தேகப்பட்டாள். இரண்டாம் மாடி அன்னத்தோடு ஒரு மாதம் கதைக்காமலும் இருந்தாள். அன்னத்துக்கு ஒன்றும் தெரியாது. கதைக்காமல் விட்ட பிறகுதான் ஏன் என்று விசாரித்து, எல்லாவற்றையும் தெரிந்துகொண்டாள்.

சிவதர்சினி கேட்ட மறுநாளே பரமேஸ்வரி திருப்பிப் போன் எடுத்தாள். "சிவதர்சினி, அது ஆரோ பொறாமையில சொன்ன கதை. தம்பி கோடையில ஆமிக்குப் போறான்."

"அப்பிடியே அக்கா..." என்றாள் சிவதர்சினி. குரல் இறங்கிவிட்டது.

"நம்பேல்லை" என்றாள் பரமேஸ்வரி புருஷனிடம். "இஞ்சேருங்கோ, ஆமிக்குப் போன் அடிச்சு இவனை எடுக்கச் சொல்லுங்கோ."

"ஆமியென்ன பீட்சாக் கடையே, அடிச்சுச் சொல்ல?"

என்றாலும் அடித்தார். அலுவலகத்தில் எடுத்த அதிகாரி விஷயத்தைக் கேட்டுவிட்டு இரண்டு தரம் உறுதிப்படுத்திக்கொண்டார்.

"உங்கள் மகனை விடச்சொல்லவில்லை; எடுக்கச் சொல்லிக் கேட்கிறீர்கள், சரியா?"

"ஓம், எடுக்கத்தான்."

அதிகாரி ஒரு நிமிடம் இருக்கச் சொல்லிவிட்டு யாருக்கோ சொன்னார். அங்கே கதிரைகள் அசையும் சத்தமும் சிரிப்பும் கேட்டன. திரும்பி வந்தவர் மிக மரியாதையாக, படைக்கு ஆள் தேவைதான், ஆனால் நித்திரையில் நடக்கிற பிரச்சினை என்ன ஆனது என்று கேட்டார்.

பொய் சொன்னோம் என்றால் வழக்கு வரும். "மாறிட்டுது" என்றார் மகேஸ்வரன்.

"எந்த மருத்துவர் குணப்படுத்தினார்?"

பின்னால் நின்ற பரமேஸ்வரிக்குப் பொறுக்கவில்லை. "முருகன்! முருகன் எண்டு சொல்லுங்கோ!"

அது போனுக்குள்ளும் கேட்டுவிட்டது. "டாக்டர் முருகன். சரி. எந்த ஊர்?"

"அட்லிஸ்வில்" என்றார் மகேஸ்வரன். ஊரையாவது உண்மையாகச் சொன்ன திருப்தி அவருக்கு.

இரண்டு கிழமையில் பதில் வந்தது. அட்லிஸ்விலில் டாக்டர் முருகனைத் தேடிப்பார்த்ததாகவும் அவருடைய விலாசம் கிடைக்கவில்லை என்றும் வருத்தம் தெரிவித்திருந்தார்கள். ஆகவே பிருந்தாபன் நித்திரைப் பரிசோதனைக்குப் போகவேண்டும்.

தலை முழுக்க வயர் ஒட்டி அவனைப் படுக்க வைத்தார்கள். படுத்தவன் புரளக்கூட இல்லை. காலையில் தாதி தோளைப் பிடித்து உலுப்பித்தான் எழுப்பினாளாம். இப்படி ஒரு நித்திரை தனக்குக் கிடைத்தால் என்ன வேண்டுமானாலும் தருவேன் என்று வைத்தியர் சொல்லியனுப்பினார். ஆள் காணாத படை அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. தகுதி என்று முத்திரை குத்தி, கோடையிலேயே வரச் சொன்னது.

"அம்மா, இதைத்தானே நான் முதலே சொன்னனான்" என்றான் பிருந்தாபன்.

"நீ வாயை மூடு. உன்னாலதான் எல்லாம்."

சிவதர்சினிக்கு உடனே செய்தி போனது. "நல்லது அக்கா" என்றாள். ஆனால் பொம்பிளை பார்க்க வருகிற நாளை மட்டும் தள்ளிக்கொண்டே போனாள். ஒரு கிழமை தடிமன் என்றாள். அடுத்த கிழமை கனடாவில் இருந்து ஆட்கள் என்றாள். இன்னும் நம்பவில்லை என்று பரமேஸ்வரி முடிவு கட்டினாள். பிருந்தாபன் சீருடையில் நிற்கிற படத்தை வாட்ஸ்அப்பில் நாள்தோறும் போட்டாள். அதைப் பெரிதாக்கி, கண்ணாடி போட்டு, விருந்தினர் கதிரைக்கு நேர் எதிரே மாட்டினாள். முருகன் படத்தைச் சற்றுத் தள்ளித்தான் மாட்ட வேண்டி வந்தது.

யதுஷா அதைப் பார்த்து, "அம்மா, கலியாணம் எனக்கோ தம்பிக்கோ?" என்று மட்டும் கேட்டாள். அவள் முகம் வாடித்தான் இருந்தது. லக்ஷன் கதைக்கிறான், தாய்தான் இழுக்கிறாள் என்று அவளுக்குத் தெரியும்.

கடைசியில் இராசம்மாவே இருபக்கமும் பிடித்து இழுத்து, ஆவணியில் ஒரு சனிக்கிழமை எல்லாரையும் மூன்றாம் மாடிக்குக் கொண்டுவந்து சேர்த்தாள். சிவதர்சினி, லக்ஷன், இராசம்மா மூவரும் கதிரையில் இருந்தார்கள். அன்றுதான் பிருந்தாபனும் லீவில் வந்திருந்தான். முதல்நாள் முழுக்க மலையில் மூட்டை சுமந்து நடந்தவன். குளித்துவிட்டுப் படுக்கிறேன் என்று கெஞ்சினான். தாய் சீருடையைக் கழற்ற விடவில்லை. சப்பாத்தும் அப்படியே. சோபாவில் கொண்டுவந்து இருத்திவிட்டாள்.

யதுஷா தேத்தண்ணியும் ரோல்ஸும் கொண்டுவந்தாள். லக்ஷன் அவளைப் பார்த்துச் சிரித்தான். எல்லாம் நன்றாகத்தான் போனது.

பிருந்தாபன் பண்பான பிள்ளை. வந்தவரோடு கதைக்கவேண்டும் என்று நினைத்தான். "அத்தான், நீங்கள் ஆமி எங்க செய்தனீங்கள்?"

லக்ஷனுக்கு ரோல்ஸ் தொண்டையில் சிக்கியது. யதுஷா தண்ணீர் எடுக்க ஓடினாள்.

"அவருக்கு வேலை சரியான கூட, தம்பி" என்றாள் சிவதர்சினி.

கேட்டதற்கும் பதிலுக்கும் பொருத்தமே இல்லை. பரமேஸ்வரி அதைக் கவனிக்கவில்லை. ஆமிக் கதை வந்ததே, இதுதான் சமயம் என்று பாய்ந்தாள். "எங்கட தம்பி நல்ல திடகாத்திரம். ஒரு வருத்தமும் இல்லை. நித்திரை கொண்டால் கட்டை மாதிரிக் கிடப்பான். சொல்லு தம்பி, அங்க என்ன செய்யிறனீங்கள்?"

தம்பி சொல்லவில்லை. வாயைத் திறந்தபடி நித்திரையாகிவிட்டான்.

அவனை இடித்து எழுப்பப் போன பரமேஸ்வரியின் கை தட்டத்தில் பட்டது. தட்டம் நிலத்தில் விழுந்து கணீரென்றது. பிருந்தாபன் துள்ளி எழும்பினான். கண் மூடியபடியே இருந்தது.

"ரெக்ரூட் பிருந்தாபன், ஹியர்!"

முருகன் படத்துக்கு ஒரு சல்யூட் அடித்தான். இடப்பக்கம் திரும்பினான். இடம் வலம் என்று கால் மாற்றி, குசினிக்குள் நடந்து போய், குளிர்ப்பெட்டிக்கு முன்னால் விறைப்பாக நின்றான். நின்றபடியே குறட்டை விட்டான்.

இராசம்மா சேலைத் தலைப்பை வாய்க்குள் அடைத்துக்கொண்டாள். மகேஸ்வரன் டிவியைப் போட்டார். ஏன் போட்டார் என்று அவருக்கும் தெரியாது. சிவதர்சினி குளிர்ப்பெட்டியைப் பார்த்தாள், சுவரில் இருந்த படத்தைப் பார்த்தாள், மகனைப் பார்த்தாள். "ரயிலுக்கு நேரமாச்சுது அக்கா" என்று எழும்பினாள்.

சாதகம் பொருந்தவில்லை என்று மறுநாள் செய்தி வந்தது. சாதகத்தை முன்பே மூன்று ஐயர்மார் பார்த்து ஒன்பது பொருத்தம் சொல்லியிருந்தார்கள்.

"ஒரு நாளும் நடக்காத பிள்ளை! ஆமிக்குப் போய்த்தான் நடக்கப் பழகினவன்!" என்று பரமேஸ்வரி தலையில் அடித்துக்கொண்டாள். அன்று தோய்க்கும் முறை இருந்தவர்கள் மெஷினை நிறுத்த வேண்டியிருக்கவில்லை; அந்தச் சத்தத்துக்கு அது தேவைப்படவில்லை.

யதுஷா சண்டை பிடிக்கவில்லை. அவள் பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு போனில் கதைத்தாள். யாரோடு கதைக்கிறாள் என்று பெற்றவர்களைத் தவிரக் கட்டடம் முழுக்கத் தெரியும்.

வசந்தத்தில் லக்ஷனுக்கு ஃப்ரிபூர்க்கில் வேலை கிடைத்தது. அதே கிழமை இரண்டும் அங்கே கலியாணத்தைப் பதிவு செய்துகொண்டு குடியும் போய்விட்டன. அதற்குப் பிறகு தாய்மாருக்குச் செய்ய என்ன இருக்கிறது? சாதகம் திடீரென்று பொருந்தியது. அட்லிஸ்வில் கோயிலில் தாலி கட்டினார்கள். பிருந்தாபன் படையில் கோப்பிரல் ஆகிவிட்டான். ஆள் காணாது, இன்னும் கொஞ்ச நாள் இரு என்று கேட்டார்களாம், இவனும் தலையாட்டிவிட்டான். இரண்டாம் மாடி அன்னம் மகளோடு அட்லிஸ்விலுக்கே போய்விட்டாள். இப்போது மூன்றாம் மாடியில் சண்டை நடந்தாலும் ஒழுங்காகக் கேட்க ஆளில்லை.

கலியாணப் பந்தியில் பரமேஸ்வரி இராசம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தாள். மனதில் கிடந்ததை அன்றுதான் கேட்டாள்.

"இராசம்மாக்கா, தம்பி அண்டைக்கு நித்திரையில நடந்ததைச் சிவதர்சினி இப்ப மறந்திட்டாவோ? அதுக்குத்தானே வேண்டாமெண்டு ஓடினவ?"

இராசம்மா பாயசத்தை வைத்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எடி விசரி, தன்ர பெடியனைப் பகிடி பண்ணுறியளெண்டு நினைச்செல்லோ ஓடினவ; உன்ர பெடியனை எடுக்கேல்லையெண்டு நான் சொல்லித்தானே அவ சந்தோசத்தில உனக்கு அண்டைக்குப் போன் அடிச்சவ, லக்ஷனுக்கும் ஆமிக்குத் தப்ப அந்த நித்திரை நடையைச் சொல்லிக் குடுத்தது நான்தானே!"