கதவைப் பார்த்து கம்ப்யூட்டர் அடித்தவர்

உலகத்தில் எல்லோரும் திரையைப் பார்த்துத்தான் கம்ப்யூட்டரை இயக்குவார்கள். கதவைப் பார்த்து இயக்கியவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான்: இலங்கையின் மாத்தளையில் மிளகும் கறுவாப்பட்டையும் வாங்கும் கடையொன்றில் எடை போட்ட கராம்பு அண்ணன். கடைவாயில் எந்நேரமும் ஒரு கராம்பு இருக்கும். அதனால் அந்தப் பெயர்.

அந்தக் கடைக்கு மென்பொருள் எழுதிய மேதை நான். சரக்கின் பெயரை அழுத்தி எடையைப் பதிய வேண்டும். பெயர்களை அகரவரிசையில் அழகாக அடுக்கியிருந்தேன். அண்ணன் பத்து நிமிடம் உற்றுப் பார்த்தார்.

"தம்பி, இதுல கதவு எங்க இருக்கு?"

"கம்ப்யூட்டருக்கு எதுக்குண்ணே கதவு?"

"மொளகு கதவுகிட்டதானே கெடக்கு. கதவக் காட்டாம மொளகத் தேடச் சொன்னா எப்புடி?"

கேலிக்காகவே கடையைத் திரையில் வரைந்து கொடுத்தேன். கதவோரம் மிளகு, சன்னலடியில் கறுவா, தராசுக்குப் பின்னால் சாதிக்காய். மனிதர் பறந்தார். சரக்கு போய்ச் சேரும் மூலையை ஒரு பார்வை, திரையில் அதே மூலையில் ஒரு குத்து. கண்ணாடிகூடப் போடமாட்டார். பாராட்டையெல்லாம் நான் வாங்கிக்கொண்டேன்.

பிறகு முதலாளி புதுக் கட்டிடத்துக்குக் கடையை மாற்றினார். நான் சும்மா இருப்பேனா? புது இடத்துக்கு ஏற்றபடி திரையையும் மாற்றினேன். மறுநாள் மிளகு வந்தது. அண்ணன் பழக்கப்படி கதவோரம் குத்தினார். அங்கே இப்போது இருந்தது சாதிக்காய்; அப்படியே பதிந்தது. மூன்று நாளும் இதே கதை.

"பழகிரும்ணே."

"பழகும் தம்பி. மொதலாளிகிட்ட மட்டும் சொல்லிறாத. இந்த வேலைய விட்டா எனக்கு வேறெதுவும் தெரியாது."

நான் சொல்லவில்லை. முதலாளியே பார்த்துவிட்டார். அந்த வெள்ளிக்கிழமையே அண்ணனை வேலையிலிருந்து நிறுத்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

பக்கத்து ஊரான பலாபத்வலவில் அண்ணன் வீட்டைத் தேடிப் போனேன். மகள்தான் சொன்னாள்.

"அப்பாவுக்கு ரெண்டு வருஷமா பேரெல்லாம் மறந்து போகுதுங்க. எடத்தக் காட்டினாத்தான் பேரு வரும். வேல போயிருமுன்னு யாருகிட்டயும் சொல்ல விடல."

அவர் ஒரு சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறார். அந்தச் சுவரை நகர்த்திவிட்டு அதற்குப் 'புதிய பதிப்பு' என்று பெயரும் வைத்தவன் நான்.

சில மாதங்கள் கழித்து, பழைய திரையை என் போனில் ஏற்றிக்கொண்டு மறுபடி போனேன். அவருக்கு என்னை யாரென்று தெரியவில்லை. போனை நீட்டினேன். விரல் தானாக நகர்ந்தது. "மொளகு... கறுவா... சாதிக்கா..." பிறகு பொத்தானே இல்லாத ஒரு வெற்று மூலையில் வந்து நின்றது.

"இங்கன ஒருத்தன் கம்ப்யூட்டர வச்சிக்கிட்டு உக்காந்திருப்பான். வேல அவ்வளவாத் தெரியாது. நல்ல பையன்."

முதல் பாதி உண்மை. மறுபாதிக்காகத்தான் இப்போதெல்லாம் ஞாயிறு தவறாமல் அவர் வீட்டுக்கு பஸ் ஏறுகிறேன்.