புள்ளியில்லாத சரளி வரிசை

சந்தனம் அரைக்கும் வாசனை வந்தால் மற்றவர்களுக்குச் சாமி ஞாபகம் வரும். எனக்கு ஒரு கறுப்புத் திரையும் அதில் கண் சிமிட்டும் சின்னக் கோடும்தான் வரும்.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில், எந்தக் கம்பெனிக்கும் கட்டுப்படாத சுதந்திர மென்பொருள் என்று லினக்ஸ் போட்டவன் நான். விடுதலை, சிறகு, வானம் என்று வசன கவிதை எழுதித் தள்ளிய காலம். இயந்திரத்துக்கும் விடுதலை வேண்டாமா? (அது கேட்கவில்லை.) என் மனைவி வசந்தா பாட்டு டீச்சர். விஜயதசமியன்று புதிதாகச் சேரும் இருபது பிள்ளைகளுக்காக, சரளி வரிசை முதல் பாடப் புத்தகம் ஒன்றை ஒரு மாதமாக அதில் உட்கார்ந்து அடித்து வைத்திருந்தாள்.

அதற்கு முதல் நாள் சரஸ்வதி பூஜை. பாத்திரம் குளித்தது, ஃபேன் குளித்தது, ஸ்கூட்டர்கூடக் குளித்தது. கம்ப்யூட்டரை மட்டும் அழுக்காக விடுவானேன் என்று அதிலிருந்த எல்லாவற்றுக்கும் புதிய பதிப்பை இறக்கினேன். பிறகு புத்தகத்தை ஒரு பிரதி அச்செடுத்தேன். எழுத்தெல்லாம் இருந்தது. ஸ்வரங்களின் தலையில் இருந்த புள்ளிகளைக் காணோம்.

சாதாரணப் புள்ளி இல்லை அது. சரிகமபதநி என்று ஏறி வந்து நிற்கும் கடைசி 'ச'வின் தலையில் அது இருந்தால்தான் குரல் மேலே நிற்கும். இல்லாவிட்டால், மலைக்கோட்டைப் படியெல்லாம் மூச்சிரைக்க ஏறியவர் உச்சியில் கால் வைக்கிற நேரத்தில் கீழே சத்திரம் பஸ் ஸ்டாண்டில் போய் விழுந்த கதைதான்.

பழைய பதிப்புக்கே திரும்பிவிடலாம் என்றது இணையம். தேடி எடுத்துக் கட்டளையைத் தட்டினேன். 'இதற்காக இவற்றையெல்லாம் நீக்குவேன், சம்மதமா?' என்று நீளமாக ஒரு பட்டியல் வந்தது. என் கவிதையை யாரும் கடைசி வரி வரை படிப்பதில்லை என்று ஊரெல்லாம் புலம்புகிற நான், நாலாவது வரியிலேயே சலித்துப்போய்ச் சம்மதித்தேன்.

ஐந்தாவது வரியில் திரையின் முகப்பே இருந்திருக்கிறது. மறுபடி இயக்கினால் கறுப்புத் திரையில் ஒரு சின்னக் கோடு மட்டும் கண் சிமிட்டியது; மெனு இல்லை, ஜன்னல் இல்லை, நான் ஆசையாய் வைத்த காவிரிப் படமும் இல்லை. கோப்புகள் உள்ளே பத்திரம். போய்ப் பார்க்க வாசல்தான் இல்லை.

சந்தனக் கிண்ணத்தோடு வசந்தா வந்தாள்.

"ஏங்க, இருட்டா இருக்கு?"

"தூங்குது."

மேஜையில் கிடந்த பிரதியை எடுத்துப் பார்த்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு மாத உழைப்பு. திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவள் அந்தக் கறுப்புத் திரைக்கு நிதானமாகச் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்தாள்.

"பூஜையில வெச்சாச்சு. இனி நாளைக்குக் காலைலதான் தொடணும். நீங்களும்."

கையாலாவது புள்ளி வைக்கலாம் என்றால், வீட்டுப் பேனாக்கள் எல்லாம் ஏற்கெனவே சரஸ்வதி படத்துக்கு முன்னால் பொட்டு வைத்துக்கொண்டு படுத்திருந்தன. தெருமுனை ஜெராக்ஸ் கடைக்காரர் மிஷினுக்கு மாலை போடுவதற்குள் ஓடி, புள்ளியில்லாமலே இருபது பிரதி எடுத்து வந்தேன்.

மறுநாள் காலை பேனாக்கள் பூஜையிலிருந்து எழுந்தன. ஆளுக்கொன்று கொடுத்து, பிள்ளைகளை உட்காரவைத்துப் பாடினாள் வசந்தா.

"குரல் எங்க உச்சிக்குப் போகுதோ, அங்க ஒரு புள்ளி வைங்க."

இருபது தலைகளும் தாளில் கவிழ்ந்தன. சில புள்ளிகள் நெற்றிப் பொட்டு அளவுக்கு இருந்தன. ஆனால் ஒரு பிள்ளைகூட பஸ் ஸ்டாண்டில் விழவில்லை.

அதிலிருந்து ஒவ்வொரு வருடமும் வேண்டுமென்றே புள்ளியில்லாமல்தான் புத்தகம் அச்சாகிறது. கதை பிள்ளைகளிடம் பரவி, எனக்கும் புள்ளி மாமா என்று பெயர் நிலைத்துவிட்டது. அந்த முதல் இருபதில் ஒருத்தி, இப்போது கம்ப்யூட்டர் படிக்கக் கோயம்புத்தூர் காலேஜுக்குப் போகிறாள். சொல்லிக்கொள்ள வந்தவள், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பினாள்.

"போயிட்டு வரேன், புள்ளி மாமா. கம்ப்யூட்டர் எது கேட்டாலும், டீச்சரைக் கேக்காம சரின்னு சொல்லிடாதீங்க."