நேற்றைய மழையை அறிவித்தவர்

திருப்பூர் எத்தனையோ விசித்திரமான மனிதர்களைப் பார்த்திருக்கிறது. ஆனால் நேற்றுப் பெய்த மழையை இன்று ஊருக்கு அறிவிப்பதற்கென்றே பிறவி எடுத்து வந்தவர் எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான். அவருடைய சொந்தப் பெயர் எங்கள் காலனியில் யாருக்கும் தெரியாது. ரேஷன் கடைக்காரருக்குத் தெரிந்திருக்கலாம். எங்களுக்கெல்லாம் அவர் மில்லிமீட்டர்.

இரண்டாயிரத்தை ஒட்டிய வருடங்களில் நான் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்து, வேலம்பாளையத்தில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தேன். வரிசையாகப் பதினாறு வீடு, கோடியில் ஒரு தண்ணீர்க் குழாய். மூன்றாவது வீடு மில்லிமீட்டருடையது. பகலில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் டி-ஷர்ட்டுகளை இஞ்ச் டேப் வைத்து அளப்பது அவர் வேலை. கழுத்து அரை சென்டிமீட்டர் கூடினால் பீஸை ஓரமாகத் தூக்கிப் போட்டுவிடுவார். வேலைக்குப் போகும் முன் வானத்தை அளந்துவிட்டுத்தான் போவார்.

மொட்டை மாடியில் செம்பாலான ஒரு மழைமானி வைத்திருந்தார். ஆனைமலைப் பக்கம் வெள்ளைக்காரத் துரைகளின் தேயிலைத் தோட்டத்தில் மழை எழுதும் வேலை பார்த்தவர் அவருடைய அப்பா. துரைமார் கப்பலேறியபோது மற்றவர்கள் ஆளுக்கொரு நாற்காலி, மேஜை என்று தூக்கிக்கொள்ள, இவர் அப்பா மழைமானியையும் ஒரு பழைய பதிவேட்டையும் எடுத்துக்கொண்டு மலையிறங்கினாராம். அந்தப் பதிவேட்டை எனக்கு ஒருமுறை காட்டினார். 'துரைசாணி காலமானார். ஆபீஸ் விடுமுறை. மழை இரண்டு அங்குலம்' என்று ஒரு வரி இருந்தது. அடுத்த வரியில், கூலிகள் ஆற்றைக் கடக்கக் கூடாது என்று ஓர் உத்தரவு.

அந்த உத்தரவுகளின் தமிழும் இவருக்குப் பரம்பரைச் சொத்தாக வந்து சேர்ந்துவிட்டது. காலனி வாசலில் ஒரு கரும்பலகை மாட்டியிருந்தார். மேல் பாதியில் மழை, கீழ்ப் பாதியில் பொது அறிவிப்பு. 'ஆறாம் எண் வீட்டு நாய் காரணமின்றிக் குரைப்பதை உடனே நிறுத்திக்கொள்ள வேண்டியது. தவறினால் மேல் நடவடிக்கை எடுக்கப்படும்.' உத்தரவு நாய்க்குத்தான், நாயை வளர்த்தவருக்கு அல்ல. 'குழாயடியில் வாய்த்தகராறு காலை ஆறு முதல் ஏழு வரை மட்டுமே அனுமதிக்கப்படும்' என்று இன்னொன்று. பெண்கள் படித்துவிட்டு ஏழே காலுக்கு அவரையே திட்டினார்கள்.

இவ்வளவு இருந்தும் அவரிடம் நாளைய மழையைப் பற்றி மட்டும் கேட்கக் கூடாது. நான் ஒருமுறை கேட்டுவிட்டேன்.

"அண்ணாச்சி, நாளைக்கு மழை வருமா?"

"நாளைக்கு வர்றது நாளன்னிக்குத்தானுங்க தெரியும்."

"நாளன்னிக்கு எங்களுக்கே தெரிஞ்சிருமே!"

"தெரியுமுங்க. எத்தனை மில்லிமீட்டருன்னு தெரியாதல்லொ?"

ஒரு சித்திரை மாதம், மண்டையைப் பிளக்கும் வெயிலில், பலகையில் 'நேற்று மழை: 3 மி.மீ.' என்று எழுதியிருந்தது. காலனியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. "மானி பொய் சொல்லாதுங்க" என்று நாள் முழுக்க வீடு வீடாகச் சண்டை போட்டார். எட்டாம் வீட்டு ஸ்டெல்லா அக்கா துவைத்த போர்வையை மழைமானிக்கு நேர் மேலே கொடியில் போட்டிருந்தது மறுநாள்தான் தெரிந்தது. உடனே பலகையில் திருத்தம் வந்தது: 'முந்தாநாள் பெய்தது மழை அல்ல, போர்வை. தவறு இதை எழுதுபவருடையது.'

இனி என் கதைக்கு வருகிறேன். நான் ஒரு சாயப்பட்டறையில் வேலை பார்த்தேன். சாயமேற்றிய துணியை அப்போதெல்லாம் வெட்டவெளியில் பரப்பி வெயிலில்தான் காயவைப்போம். அப்படிக் காயப்போடும் வெட்டவெளியைக் காடு என்போம்; அதற்கு நான் சூப்பர்வைசர். துணி ஏன் வரவில்லை என்று கேட்டால் எங்கள் தொழிலில் எல்லோரும் சொல்லும் பதில், மழை. முதலாளி இருந்தது நல்லூரில். அங்கே வெயில் கொளுத்தும்போது வேலம்பாளையத்தில் கொட்டித் தீர்ப்பது சகஜம் என்பதால் இந்தப் பொய் எப்போதும் செல்லும்.

ஒரு சனிக்கிழமை, லீவு கேட்டால் கிடைக்காது என்று சொல்லாமல் கொள்ளாமல் மடத்துக்குளத்துக்குப் பெண் பார்க்கப் போய்விட்டேன். போனது தப்பில்லை. துணி கிடந்த ஷெட்டின் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டே போனதுதான் தப்பு. ஆட்கள் சாயங்காலம் வரை வேப்பமரத்தடியில் சீட்டாடிவிட்டுக் கலைந்துவிட்டார்கள். நேவி ப்ளூ லாட் முழுவதும் ஈரத்தோடு உள்ளே கிடந்தது. நான் திரும்பி வந்து இறங்கியதும் பெட்டிக்கடை போனில் முதலாளி பிடித்துக்கொண்டார்.

"மழைங்க மொதலாளி. சரியான மழை" என்றேன்.

"நாளைக்கு மத்தியானம் கட்டிங்குக்குத் துணி போயாகோணும். காலைல ஒம்பது மணிக்கு நானே வந்து பாக்கறேன். மழைன்னது பொய்யின்னா நீ அப்படியே ஊருக்குப் போயிரு" என்று போனை வைத்துவிட்டார்.

காட்டுக்கு வரும் வழி எங்கள் காலனி வாசல்தான். அந்தப் பலகைக்கு முன்னால் ஸ்கூட்டரை நிறுத்திப் படித்துச் சிரிக்காமல் முதலாளி ஒருநாளும் போனதில்லை. எட்டரை மணிக்கு மில்லிமீட்டர் அளவெடுத்து 'நேற்று மழை: இல்லை' என்று எழுதினால் ஒன்பது மணிக்கு எனக்கு வேலை இல்லை. வேலை இல்லாதவனுக்கு மடத்துக்குளத்தில் யார் பெண் கொடுப்பார்கள்? அந்தப் பெண்ணை எனக்கு ரொம்பவும் பிடித்திருந்தது. நேராக மூன்றாம் வீட்டுக் கதவைத் தட்டி எல்லாவற்றையும் சொன்னேன்.

"அண்ணாச்சி, ஒரு அஞ்சு மில்லி எழுதுங்க. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"பெய்யலீங்களே, தம்பி."

"சரி, ரெண்டு."

"பெய்யலீங்க."

"தூறல்னாவது போடுங்களேன்."

"தூறலுக்கும் ஒரு சொட்டு வுழுகோணுமுங்களே."

"போர்வையையே மழைன்னு எழுதுன ஆளுதான நீங்க?"

அவர் முகம் சுருங்கிப்போனது. "அது தெரியாமச் செஞ்சதுங்க. இது தெரிஞ்சு செய்யறது" என்று கதவைச் சாத்திக்கொண்டார். நான் மனசுக்குள் அவரை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஆட்கள் யாரும் வர மாட்டார்கள். ஆறு மணிக்குத் தனியாளாக ஷெட்டைத் திறந்து, மலைபோல் கிடந்த துணியைப் பார்த்து நின்றேன். பின்னால் சைக்கிள் ஸ்டாண்ட் போடும் சத்தம். மில்லிமீட்டர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

"ஒரு முனையப் புடிங்க" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

இரண்டு பேரும் பரப்ப ஆரம்பித்தோம். துணிக்கும் துணிக்கும் நடுவே சரியாக ஒரு ஜாண் இடைவெளி விட வேண்டுமாம். ஒன்பது மணிக்கு என் வேலை போகப்போகிறது, இவர் ஜாண் வைத்து அளந்துகொண்டிருந்தார். வெயில் ஏறியது. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.

"அண்ணாச்சி, எட்டரை ஆகப்போவுது."

காய்ச்சலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு மாடியேறி அளவெடுத்தவர் அவர். நிமிர்ந்து காலனி இருந்த திசையை ஒரு தரம் பார்த்தார். பிறகு குனிந்து, "அந்தப் பக்கம் மடிஞ்சு கெடக்குது, நீவி உடுங்க" என்றார்.

சொன்னபடி ஒன்பதுக்கு முதலாளி வந்தார். காடு முழுக்க நீலமாகக் கிடந்ததை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு மில்லிமீட்டரிடம் திரும்பினார்.

"ஏனுங்க, போர்டுல முந்தாநாள் மழையே கெடக்குது. நேத்து இங்கெ பேஞ்சுதா இல்லீங்களா?"

மில்லிமீட்டர் கையிலிருந்த துணி முனையை நீவி விட்டார்.

"இன்னும் அளவெடுக்கலீங்க" என்றார்.

"அட, பேஞ்சுதா இல்லியான்னு சொல்றதுக்குமா அளவு?"

"அளவெடுக்காம நான் எதுவும் சொல்றதில்லீங்க."

முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "மத்தியானம் வந்துரோணும்" என்று என்னிடம் சொல்லிக் கிளம்பிவிட்டார். மத்தியானம் துணி டெம்போவில் ஏறியது. என் வேலை தப்பியது. அடுத்த தை மாதம் மடத்துக்குளத்துப் பெண்ணும் வந்து சேர்ந்தாள்.

டெம்போ போனதும் அவர் பின்னாலேயே நானும் மொட்டை மாடிக்கு ஏறினேன். மழைமானிக்குள் காய்ந்த வேப்பிலை ஒன்று மட்டும் கிடந்தது.

"மழை இல்லைன்னு இப்ப எழுதிரலாமே அண்ணாச்சி, உண்மைதான?" என்றேன்.

"நேரம் தப்பிப்போச்சுங்க. இனி அது அளவில்லீங்க" என்றார். பதிவேட்டில் அந்த நாளுக்கு நேரே ஒரு கோடு போட்டுவிட்டு, கீழே இறங்கிப் போய்ப் பலகையில் எழுதினார்.

'இன்று காலை மழை அளவு எடுக்கப்படவில்லை. காரணம்: சொந்த வேலை.'

என் துணியைக் காயப்போட்டதைத்தான் அந்த மனிதர் அப்படி எழுதியிருந்தார். அவரைப் பற்றி எவ்வளவோ கிண்டல் பேசியவன் நான். அன்றைக்கு மட்டும் அந்தப் பலகையைச் சிரிக்காமல் முழுசாகப் படித்தேன்.