யாருமில்லாதவர்களுக்கான நிதி

ஏழ்துறை என்றொரு நாடு இருந்தது. எந்தத் திசையில் என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது. கடல் இருந்தது, துறைமுகம் இருந்தது, அரசர் ஒருவர் இருந்தார். ஒரு நாட்டுக்கு இவ்வளவு போதும். அரசரின் பெயர் இரண்டாம் கொடைக்கோன். முதலாம் கொடைக்கோன் யாருக்கும் எதையும் கொடுத்ததாகத் தெரியவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே தாம் பிறந்ததாக மகனார் நம்பினார்.

துறைமுகத்தை ஒட்டி உப்பளத் தெரு. கப்பலில் மூட்டை ஏற்றி இறக்க எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து அங்கே தங்குவார்கள். வந்தவர்களில் சிலர் காய்ச்சலில் போவார்கள், சிலர் மூட்டை சரிந்து போவார்கள். செத்தவனுடைய ஊர் எது, பெற்றவள் யார் என்று ஒருவருக்கும் தெரியாது. அப்படிப்பட்டவர்களை எடுத்து அடக்கம் செய்ய அந்தத் தெருவில் ஒரு கூட்டம் இருந்தது. அதற்குப் பெயர் கிடையாது. மாடத்தி அக்காவின் ஆட்கள் என்பார்கள்.

மாடத்தி மீன் விற்பவள். இளம் வயதில் தம்பியோடு கப்பலேறி வந்தாள். வந்த முதல் மழைக்காலத்திலேயே தம்பி இறந்துபோனான். தூக்குவதற்கு ஆளில்லாமல் அவள் தெருவில் நின்றபோது, முன்பின் தெரியாத ஒருவர் வந்து, "இவன் எனக்கு மருமவன் முறை" என்று சொல்லிக் கால்பக்கம் பிடித்தார். அவர் சொன்னதைக் கேட்டு இன்னும் சிலர் உறவு சொல்லிக்கொண்டு வந்தார்கள். அந்த நாளை மாடத்தி மறக்கவில்லை. அதன்பிறகு அந்தத் தெருவில் யார் செத்தாலும் அவள்தான் முதலில் வந்து நின்றாள்.

அவர்களுடைய வழக்கம் இதுதான். பிணத்தைத் தெரு நடுவில் கிடத்துவார்கள். இந்த ஆளுக்கு யார் உண்டு என்று மாடத்தி கேட்பாள். யாராவது ஒருவர் முறை சொல்லவேண்டும். மாமன், சித்தி, அக்கா மகன் என்று எதுவானாலும் சரி. முறை சொன்னவர்தான் முதல் பிடி மண் போடுவார். அவர் வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரியாது. பக்கத்து வீட்டிலிருந்து சோறு வரும். இதெல்லாம் வெறும் சடங்கு என்று நினைத்துவிடக் கூடாது. சங்கிலி என்று ஒரு மூட்டைக்காரன், நல்ல வாட்டசாட்டமான ஆள், பெயர்கூடத் தெரியாத ஒரு கிழவியைத் தன் பெரியம்மை என்று சொல்லிவிட்டு, துக்கம் தாங்காமல் பல நாள் வேலைக்குப் போகாமல் கிடந்தான். அவன் மனைவி பேச்சி அதற்காக அவனைத் திட்டவில்லை. அவளும் அழுதுகொண்டுதான் இருந்தாள்.

ஏழ்துறைக்கு வந்த வெளிநாட்டுத் தூதர் ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, விருந்தின்போது அரசரிடம் புகழ்ந்து சொன்னார். அரசர் கையைக் கழுவிவிட்டு எழுந்துவிட்டார். மறுநாள் அவை கூடியது.

"நம் நாட்டில், நம்மை அறியாமல், நல்லது நடந்துகொண்டிருக்கிறதா?" என்று அரசர் கேட்டார்.

அது தந்தையார் காலத்திலிருந்தே நடக்கிறது என்று அமைச்சர் ஒருவர் மெல்லத் தெரிவித்ததும், அரசரின் கண்கள் கலங்கிவிட்டன. அன்றே அறநிதி என்ற ஒன்று நிறுவப்பட்டது. நாட்டில் யார் எங்கே என்ன நன்மை செய்தாலும் அதற்கு அரசர் நிதி தருவார். அதை மேற்பார்க்கப் பேரருளாளர் என்ற பட்டத்தோடு ஓர் அமைச்சரும், அவருக்குக் கீழே குணசீலர் என்ற ஆய்வாளரும் நியமிக்கப்பட்டார்கள். குணசீலர் கெட்டவர் அல்ல. சொன்னதைச் செய்பவர், அவ்வளவுதான்.

உப்பளத் தெருக்காரர்கள் நிதி கேட்டுப் போகவில்லை. நிதிதான் அவர்களைத் தேடி வந்தது. ஆனாலும் மாடத்திக்கு ஒரு தேவை இருந்தது. அவர்கள் அடக்கம் செய்துவந்த இடம் கடற்கரை மணல். பெருங்காற்று அடித்தால் அலை ஏறி வந்து புதைத்தவர்களைத் தோண்டிப் போட்டுவிடும். மறுபடி பொறுக்கி எடுத்துப் புதைப்பார்கள். அவளுடைய தம்பியையே அப்படி இருமுறை புதைத்தாயிற்று. ஊருக்கு மேற்கே ஒரு மேட்டு நிலம் சும்மா கிடந்தது. அது கிடைத்தால் போதும் என்றாள். தாராளமாகத் தரலாம் என்றார் குணசீலர். ஒரே ஒரு சிக்கல் இருந்தது.

"அரசாணையின்படி உங்கள் தெருவுக்கான நிதி யாருமற்ற பிணங்களுக்கு மட்டுமே உரியது. நீங்களோ ஒவ்வொரு பிணத்துக்கும் ஓர் உறவினரைக் கொண்டுவந்து நிறுத்துகிறீர்கள். ஆய்ந்து பார்த்ததில், இத்தெருவில் இன்றுவரை ஓர் அநாதைகூட இறக்கவில்லை."

"அதுக்குத்தானய்யா நாங்க முறை சொல்லுதோம்" என்றாள் மாடத்தி.

"அதைத்தான் அம்மா நிறுத்தவேண்டும்."

சங்கிலி வேண்டாம் என்றான். இந்த நிலமும் வேண்டாம், நிதியும் வேண்டாம், கடல் தோண்டினால் தோண்டட்டும் என்றான். மாடத்தி அவனைத் தனியாகக் கூட்டிப்போய்ப் பேசினாள்.

"வாயால சொல்லாட்டா என்னடே? மனசுக்குள்ள சொல்லிக்கிடுவோம். செத்தவனுக்குக் கேக்கவா போவுது? நெலம் கெடச்சா அவனுவ நிம்மதியாக் கெடப்பானுவல்லா."

அந்தத் தெருவை விட்டால் இப்படியொரு தவறை வேறெவரும் செய்திருக்க மாட்டார்கள். நினைத்தாலே போதும், சொல்லவேண்டியதில்லை என்று நம்பும் அளவுக்கு அவர்கள் மனதில் ஈரம் இருந்தது. தொடக்கத்தில் மனதுக்குள் சொல்லத்தான் செய்தார்கள். ஆனால் அடுத்தவர் மனதுக்குள் என்ன சொன்னார் என்று யாருக்குத் தெரியும்? யாரோ ஒருவர் சொல்லியிருப்பார் என்று ஒவ்வொருவரும் எண்ணிக்கொண்டார்கள். கொஞ்ச காலத்தில் யார் வீட்டிலும் அடுப்பு அணையவில்லை.

மேட்டு நிலம் கிடைத்தது. கடற்கரையில் கிடந்தவர்களையெல்லாம், மாடத்தியின் தம்பியையும் சேர்த்து, அங்கே மாற்றிப் புதைத்தார்கள். பாடையின் நான்கு பக்கமும் அரசரின் புன்னகைக்கும் முகம் வரையப்பட்டது. தூக்குபவர்களுக்குக் கூலி நிர்ணயிக்கப்பட்டது. கூலி வாங்குகிறவன் தூக்கட்டும் என்று மற்றவர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள்; அதையும் குறை சொல்வதற்கில்லை. சங்கிலி கூலிக்காரன் ஆனான்.

அடுத்து ஓர் ஆணை வந்தது. நிதியால் பயன்பெற்றவர்கள் மனநிறைவு அடைந்தார்களா என்று அவர்களிடமே நேரில் கேட்டறிய வேண்டும். குணசீலர் ஒவ்வொரு பிணத்தின் அருகிலும் குனிந்து, சேவையில் ஏதேனும் குறை உண்டா என்று கேட்டார். சிறிது நேரம் காத்திருந்தார். பிறகு, பயனாளி குறை ஏதும் தெரிவிக்கவில்லை என்று மேலிடத்துக்கு எழுதினார். அரசவையில் அது வாசிக்கப்பட்டபோது எல்லோரும் கைதட்டினார்கள்.

அதற்கடுத்த ஆணைதான் பொல்லாதது. நிதி வளர்கிறது என்றால் பயனும் வளரவேண்டும் அல்லவா? ஆகவே ஆண்டுதோறும் முந்தைய ஆண்டைவிடக் கூடுதலான அநாதைகள் அடக்கம் செய்யப்பட வேண்டும் என்று விதிக்கப்பட்டது. குறைந்தால் நிலம் அரண்மனைக்குத் திரும்பும், அங்கே விருந்தினர் மாளிகை கட்டப்படும், புதைந்திருப்பவர்கள் பழையபடி கடற்கரைக்கு மாற்றப்படுவார்கள்.

அந்த ஆண்டு ஊரில் காய்ச்சல் இல்லை. ஆட்கள் ஆரோக்கியமாக இருந்தார்கள். குணசீலர் மிகவும் கவலைப்பட்டார். அப்போது கயிற்றுக்கடை மாசானம் அவருக்குக் கைகொடுத்தான். அவனுடைய அப்பா இறந்திருந்தார். சொந்தச் செலவில் எடுத்தால் மூங்கில் பாடை, அரசர் செலவில் எடுத்தால் சந்தனமும் மேளமும். தன் வீட்டு வாசலில் படுத்துக் கிடந்த யாரோ ஒரு பெரியவர் இவர், தனக்கு எந்த உறவும் இல்லை என்று அவன் சொல்லிவிட்டான். அப்பா மிகச் சிறப்பாகப் போனார். அதைப் பார்த்தபிறகு தெருவில் பலருக்கும் பெற்றவர்கள் யாரோ ஒருவர் ஆனார்கள்.

மாசானம் வாசலில் நின்று அப்படிச் சொன்னபோது மாடத்தி அங்கேதான் இருந்தாள். அன்றைக்கு அவள் மீன் கூடையை எடுக்கவில்லை. பேரருளாளர் மாளிகைக்கு நடந்தே போய், நிலத்தையும் நிதியையும் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள், நாங்கள் முன்போலவே பார்த்துக்கொள்கிறோம் என்றாள்.

பேரருளாளர் அவளை அமரச் சொல்லி, மிகுந்த பரிவோடு விளக்கினார். "தாயே, ஒருமுறை நிதி பெற்ற நன்மை அரசருடையதாகிவிடுகிறது. திருப்பித் தர விதியில் இடமில்லை. இனி நீங்களாக ஒரு பிணத்தைத் தூக்கினால் அது உரிமமற்ற அறம். அதற்குத் தண்டனை உண்டு. நீங்கள் செய்யமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும்."

மாடத்தி திரும்பி வந்து படுத்தவள் எழுந்திருக்கவில்லை. பேச்சி கஞ்சி காய்ச்சிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். சங்கிலி வேலை முடிந்து வந்து கால்மாட்டில் உட்கார்ந்திருப்பான். அவளுக்கு வேறு ஆசை எதுவும் இருக்கவில்லை. ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாள்.

"எனக்கு ஒருத்தராவது சத்தமா முறை சொல்லணும்டே. மனசுக்குள்ள வேண்டாம். அது நான் சொன்ன பொய்யி."

"நான் சொல்லுதேங்க்கா" என்றான் சங்கிலி.

ஆண்டு முடியும் தறுவாயில் அவள் இறந்தாள். தெருவில் கிடத்தினார்கள். அன்றைக்குத் தெரு நிறைய ஆள். சாத்திய கதவுகளெல்லாம் திறந்திருந்தன. அவள் கையால் மீன் வாங்காத வீடு இல்லை. அவள் வந்து நிற்காத துக்கமும் அங்கே இல்லை. ஓவியர்களோடு பேரருளாளரே வந்திருந்தார். குணசீலர் மட்டும் சங்கிலியை ஓரமாக அழைத்துப்போய், வருத்தத்தோடு ஒரு செய்தியைச் சொன்னார். இந்த ஆண்டுக்கு இன்னும் ஒரேயொரு அநாதை குறைகிறது. இவர் கணக்கில் வராவிட்டால் மேட்டு நிலம் போய்விடும். இவருடைய தம்பி உள்பட அங்கே கிடக்கும் அத்தனை பேரையும் தோண்டிக் கடற்கரைக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கும்.

"உன் விருப்பம்" என்றார் குணசீலர். அவர் குரலில் கடுமை இல்லை.

பிறகு பிணத்தின் அருகே போய் நின்று, விதிப்படி உரக்கக் கேட்டார். "இப்பெண்மணிக்கு யாரேனும் உண்டா?"

சங்கிலி பேச்சியைப் பார்த்தான். பேச்சி தரையைப் பார்த்தாள். பேச்சி சொல்வாள் என்று அவனும், அவன் சொல்வான் என்று அவளும், இருவரில் ஒருவர் சொல்வார் என்று தெருவும் காத்துக்கொண்டிருந்தது. சங்கிலியின் உதடு அசைந்தது என்று பக்கத்தில் நின்ற சிலர் பின்னாளில் சொன்னார்கள். சத்தம் வரவில்லை. குணசீலர் போதுமான நேரம் கொடுத்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

"யாருமில்லை" என்று அவர் அறிவித்தார்.

பேரருளாளர் முன்னால் வந்து உரையாற்றினார். யாருமே அறியாத, யாருக்குமே வேண்டாத இத்தகைய ஏழை மூதாட்டிகளுக்காகத்தான் அரசர் இரவும் பகலும் உழைக்கிறார் என்றார். ஓவியர்கள் வரைந்தார்கள். மாடத்தி அக்காவை அரசரின் நான்கு முகங்கள் சூழத் தூக்கிக்கொண்டு போனார்கள். தலைப்பக்கம் சங்கிலி பிடித்திருந்தான். அன்றைய கூலியை அவன் வாங்கவில்லை என்று சொல்ல எனக்கும் ஆசைதான். வாங்கினான். வீட்டில் அரிசி இல்லை.

அரசர் மிகவும் மகிழ்ந்தார். உலகில் வேறெந்த நாட்டிலும் இத்தனை அநாதைகள் இவ்வளவு நன்றாகக் கவனிக்கப்படுவதில்லை என்று தூதர்களிடம் சொன்னார். அத்தோடு அவருக்கு இன்னொரு எண்ணமும் உதித்தது. நல்லதைச் செய்ய எதற்காகச் சாகும்வரை காத்திருக்க வேண்டும்? உயிரோடிருப்பவர்களுக்கும் திட்டம் விரிவாக்கப்பட்டது. அரசரைத் தவிரத் தனக்கு யாருமில்லை என்று உறுதி கூறும் ஒவ்வொருவருக்கும் மாதம் ஒரு மூட்டை அரிசி. அதற்கு வேண்டிய நெல்லை எல்லாக் களத்துமேட்டிலிருந்தும் அரண்மனை முன்கூட்டியே எடுத்துக்கொண்டதால், வேறு அரிசி நாட்டில் கிடைக்கவில்லை.

ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. முதலில் சிலருக்கு நாக்குப் புரளவில்லை, பிறகு பழகிவிட்டது. சங்கிலியின் முறை வந்தபோது அவன் தயங்காமல் சொன்னான். சொல்லிவிட்டு மூட்டைக்குக் குனிந்தபோது, பக்கத்து வரிசையில் பேச்சியும் அதையே சொல்வது காதில் விழுந்தது. அவள் குரல் நடுங்கவில்லை. குணசீலரின் ஆட்கள் கவனித்துக்கொண்டிருந்ததால், இருவரும் வேறு வேறு தெரு வழியாக வீட்டுக்கு நடந்தார்கள்.

அந்த ஆண்டு எடுத்த குடிக்கணக்கின்படி, ஏழ்துறை நாட்டில் குடும்பம் என்று ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. அது அரண்மனையில் வசித்தது.