அத்தை பார்த்த முள்

நடுரோட்டில் கார் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, இடுப்பில் கைவைத்து, உதட்டைப் பிதுக்கியபடி நிற்கும் ஆண்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்களில் பாதிப் பேருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாது. இதை நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம், நானும் அவர்களில் ஒருவனாக இருந்ததுதான்.

கல்யாணமான நாலாவது வருஷம் ஒரு பழைய வெள்ளைக் கார் வாங்கினேன். தினமும் மொபைலில் ரிப்பேர் வீடியோ பார்த்து, ஆறே மாதத்தில் என்னை நானே மெக்கானிக்காக நியமித்துக்கொண்டேன். (பழகுவதற்காக முதலில் வீட்டு மிக்ஸியைப் பிரித்தேன். புது மிக்ஸி வாங்கினோம்.)

அந்தக் காரில் பின்சீட்டின் நடு இடம் என் மாமியாருக்கு. வேகம் என்றால் அவருக்குப் பயம். முன்சீட்டுகளுக்கு நடுவே தலையை நீட்டி, டாஷ்போர்டு முள்ளை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டார். ஆனால் என்னிடம் ஒரு வார்த்தை பேசமாட்டார். மாப்பிள்ளையிடம் மாமியார் நேருக்கு நேர் பேசுவது மரியாதை இல்லை என்பது அவர் வளர்ந்த வீட்டுப் பழக்கம். நான் எதிரே இலை முன்னால் உட்கார்ந்திருப்பேன். "கோமதி, மாப்பிள்ளைக்கு ரசம் வேணுமான்னு கேளு" என்பார் மகளிடம். நானும் சளைக்காமல், "போதும்னு அத்தைகிட்டச் சொல்லு" என்பேன். கோமதி நடுவில் நின்று கரண்டியோடு தலையில் அடித்துக்கொள்வாள்.

கோமதி அப்போது நாலு வருஷம் முட்டி மோதி அரசுத் தேர்வில் தேறியிருந்தாள். மறுநாள் காலை சென்னையில் சான்றிதழ் சரிபார்ப்பு. அதற்குப் பொம்மிடியில் மதிய ரயிலைப் பிடிக்க வேண்டும். பஸ்ஸில் போய்விடுகிறேன் என்றாள். "கார் வெச்சிருக்கறவன் பொண்டாட்டி பஸ்ல போறதா?" என்று நான்தான் குதித்தேன். வழியனுப்ப அத்தையும் ஏறிக்கொண்டார்.

தருமபுரியில் கிளம்பிய கார் கடத்தூருக்குக் கொஞ்சம் முன்னால் பொசுக்கென்று அடங்கி, உருண்டு போய் ஓரத்தில் நின்றது.

"கோமதி, முள்ளு முதல்ல பொத்துனு வுழுந்துருச்சு. வண்டி அப்பறந்தான் நின்னுச்சு. மாப்பிள்ளைகிட்டச் சொல்லு" என்றார் அத்தை.

"பேட்டரி ஒயர் லூசு. முள்ளு கிள்ளுன்னு கொழப்ப வேணாம்னு சொல்லு" என்றேன்.

இருபது நிமிஷம் ஒயரை முறுக்கினேன். கார் கிளம்பியது. அந்த இருபது நிமிஷத்தில் இன்ஜின் ஆறியதுதான் காரணம் என்று அன்றைக்கு என் மண்டைக்கு எட்டவில்லை. விசில் அடித்துக்கொண்டே ஓட்டினேன்.

கடத்தூரைத் தாண்டியதும் மறுபடி நின்றது. இந்தத் தடவை பெட்ரோல் பைப் அடைப்பு என்று தீர்ப்புச் சொன்னேன். கோமதி மணியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பின்னால் வந்த தக்காளி டெம்போவுக்குக் கைகாட்டினாள். டிரைவர் பக்கத்தில் பையோடு ஏறிப் போயே போய்விட்டாள். ரயிலுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

டெம்போ மறைந்த பிறகுதான் பார்த்தேன். சான்றிதழ் ஃபைல் அத்தையின் மடியில் இருந்தது. கசங்கக் கூடாது என்று கிளம்பியதிலிருந்து அவர்தான் அதைக் குழந்தை மாதிரி பிடித்திருந்தார்.

அத்தை பதறிப்போய் மகளுக்குப் போன் போட்டார். "ஏம்புள்ள, ஃபைலு எங்கிட்டயே இருக்குது! மாப்பிள்ளைகிட்டச் சொல்லு, சாவியத் திருப்பறப்பவும் முள்ளு ஆடவே இல்ல. ஆறுனாத்தான் கெளம்பும். ஒண்ணையும் நோண்ட வேணாங்கோ."

நான் இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தேன். என் போன் அடித்தது. கோமதி அதையே வரி பிசகாமல் சொன்னாள். "அத்தைகிட்டச் சொல்லு, இது பெட்ரோல்..." என்று ஆரம்பித்தேன்.

"ஏங்க, அந்த ஃபைல் இல்லீன்னா நாலு வருஷமும் போச்சுங்க" என்றாள். குரல் உடைந்திருந்தது. அதோடு சிக்னலும் போய்விட்டது.

நான் ஸ்பேனரை எடுத்துப் பெட்ரோல் பைப் பக்கம் கொண்டுபோனேன்.

"மாப்பிள்ளை!"

யார் கூப்பிட்டது என்று ரோட்டை இரண்டு பக்கமும் பார்த்தேன். அத்தைதான்.

"அதக் கீழ வைங்க. எம்புள்ள பொழப்புங்க அது. ஆறட்டும்."

ஸ்பேனர் தானாகக் கீழே விழுந்தது. அத்தை கண்ணாடியில் வெயிலுக்கு வைக்கும் அட்டையை எடுத்து இன்ஜினுக்கு விசிறினார். அந்தப் பக்கம் நின்று நான் என் சட்டையைக் கழற்றி விசிறினேன். எதிர்த்திசையில் கடந்து போன பஸ்ஸில் ஒரு ஜன்னல் பாக்கியில்லாமல் தலைகள் எட்டிப் பார்த்தன.

"இப்பத் திருப்புங்க" என்றார் அத்தை, தலையை உள்ளே நீட்டி.

திருப்பினேன்.

"ஆடுது! முள்ளு ஆடுதுங்க மாப்பிள்ளை!"

கார் உறுமியது. நாங்கள் பொம்மிடி ஸ்டேஷனுக்குள் நுழையவும் ரயில் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. எனக்கு முன்னால் அத்தைதான் ஃபைலோடு ஓடினார். ஜன்னல் வழியாக அதை வாங்கிய கோமதி, பனியனோடு மூச்சிரைக்க நின்ற என்னைப் பார்த்து அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தாள்.

மறுநாள் மெக்கானிக் நான் சொன்ன கதையைக் கேட்டுவிட்டு, கட்டைவிரல் அளவில் ஒரு கறுப்பு சாமானைக் கழற்றிக் காட்டினார். இன்ஜின் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று சொல்லும் சென்சார். சூடேறினால் மயங்கிவிடுமாம், ஆறினால் தெளியுமாம். அது மயங்கினால் முதலில் முள் விழும், பிறகு இன்ஜின் நிற்குமாம். "முள்ளப் பாத்துச் சொன்ன மெக்கானிக் யாருங்க?" என்று கேட்டார்.

அதில்தான் வேடிக்கை. டாஷ்போர்டில் இரண்டு முள் உண்டு. ஒன்று கார் போகும் வேகம், இன்னொன்று இன்ஜின் சுற்றும் வேகம். அத்தை முதல் நாளிலிருந்தே இரண்டாவதைத்தான் கார் வேகம் என்று நினைத்துப் பயந்திருக்கிறார். "முள்ளு மூணாம் நம்பரத் தொட்டா கண்ண மூடிக்குவேனுங்க" என்றார்.

கோமதிக்கு வேலை கிடைத்தது. போன வருஷம் அந்தக் காரை விற்றோம். இப்போதும் வீட்டில் மோட்டாரோ டிவியோ மக்கர் செய்து, நான் காரணம் சொல்ல வாயைத் திறந்தால், "முள்ளு ஆடுதான்னு பாத்தீங்களா?" என்று கோமதி கேட்பாள். அதற்கப்புறம் பிறந்த என் மகள்கூடக் கேட்கிறாள்.

அத்தை அன்றைக்கு ஆரம்பித்த பேச்சை இன்னும் நிறுத்தவில்லை. ரசம் வேணுமா என்று என்னிடமே நேராகக் கேட்கிறார். நான் பதில் சொல்வதற்குள் ஊற்றியும் விடுகிறார்.